அளவில்லாச் சோறும் அளவுக் கூட்டும்

(அம்பத்தூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"நோயைத் தடுக்கும் உணவு" என்ற தலைப்பில் பேசச் சொன்னபோது, மருத்துவர் ஒருவரை அழைப்பதுதானே முறை என்று கேட்டேன். மருத்துவர்கள் நிறையப் பேசிவிட்டார்கள், கேண்டீன்காரர் ஒருவர் பேசட்டும் என்றார்கள். நான் லேத் மெஷினில் வேலை பார்த்தவன். பிற்பாடு நெடுங்காலம் எங்கள் ஆலையின் கேண்டீன் கமிட்டியில் தொழிலாளர் தரப்பு உறுப்பினர். தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். என்ன விழுகிறது, ஏன் அது விழுகிறது என்பதைத்தான் நான் சொல்லப்போகிறேன்.

மதியம் ஒரு மணிக்கு எம்.டி.எச். சாலையில் பாடியிலிருந்து ஆவடிப் பக்கமாக ஒரு நடை போய்ப் பாருங்கள். மெஸ் வாசலில் 'அளவில்லாச் சாப்பாடு' என்று பலகை வைத்திருப்பார்கள். உள்ளே உட்கார்ந்தால் சோறு எத்தனை முறை கேட்டாலும் போடுவார்கள். சாம்பார், ரசம், மோரும் அப்படித்தான். பொரியல் மட்டும் ஒரு சின்னக் கரண்டி. இரண்டாம் முறை கேட்டால் பரிமாறுகிற பையன் கல்லாப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வாளியைத் தூக்குவான். கூட்டு கிண்ணத்தில் அளந்து வரும். முட்டைக்குத் தனி ரேட், மீனுக்குத் தனி ரேட். மெஸ்காரரைக் குறை சொல்லவில்லை. அவர் கணக்குப்படி சோறுதான் மலிவு. ஆனால் அந்தப் பலகையில் இருக்கிற அளவில்லாமையை அப்படியே ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்கு மாற்றிவிட்டால், நம் ஊர் மருந்துக் கடைகளின் வியாபாரம் கொஞ்சம் படுத்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

எவ்வளவு சோறு என்று பார்ப்போம். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியைத் திருத்தி வெளியிட்டது. ஒரு நாளைக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அது போடும் கணக்கு இது: தானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம், காய்கறியும் கீரையுமாக 400 கிராம், பருப்பு, முட்டை, இறைச்சி வகையில் 85 கிராம், பழம் 100, கொட்டைகளும் விதைகளும் 35, எண்ணெய் 27 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி. தானியத்திலிருந்து வரும் கலோரி மொத்தத்தில் 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இப்போது நம் தட்டு. 100 கிராம் அரிசி வெந்தால் 250 முதல் 300 கிராம் வரை சோறு வரும். நன்றாகச் சாப்பிடுகிறவர் மதியம் அரைக் கிலோ சோறு சாப்பிட்டுவிட்டு எழுந்து கை கழுவப் போவார். அப்படியென்றால் கிட்டத்தட்ட 180 கிராம் அரிசி. காலை இட்லியையும் இரவு தோசையையும் சேர்க்காமலேயே நாளின் தானியக் கணக்கில் முக்கால் பங்கு ஒரே வேளையில் முடிந்துவிட்டது. பளு தூக்குகிறவருக்குக் கூடுதலாக வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் நம் அம்பத்தூர் எஸ்டேட்டில் இன்று பளு தூக்குவது பெரும்பாலும் ஹாய்ஸ்ட். ஆபரேட்டர் திரை முன்னால் நிற்கிறார். உடம்பு வேலை குறைந்துவிட்டது, சோறு குறையவில்லை.

சென்னையில் 2001 வாக்கில் தொடங்கி 26,001 பேரைப் பார்த்த 'க்யூர்ஸ்' என்ற பெரிய ஆய்வு ஒன்று உண்டு. டாக்டர் வி. மோகனின் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் செய்தது. அம்பத்தூர் அப்போது தனி நகராட்சி, அதனால் நாம் அந்தக் கணக்கில் இல்லை. ஆனால் பாடி பாலத்தைத் தாண்டினால் தட்டு மாறிவிடுவதில்லை. சென்னைவாசிகளின் கலோரியில் ஏறக்குறைய பாதி, தீட்டிய தானியத்திலிருந்து வருகிறது என்றும் அதில் பெரும்பங்கு வெள்ளை அரிசிதான் என்றும் அது கண்டது. அதே நிறுவனம் பொன்னி, சோனா மசூரி, சூர்த்தி கோலம் என்ற மூன்று அரிசிகளையும் சமைத்துக் கொடுத்து ரத்தச் சர்க்கரையை அளந்தது. மூன்றின் கிளைசீமிக் குறியீடும் 70க்கும் 77க்கும் இடையில் இருந்தது. குளுக்கோஸை 100 என்று வைத்துக்கொண்டு போடுகிற குறியீடு இது. 70ஐத் தொட்டாலே அதிகம் என்பார்கள். தவிட்டையும் முளையையும் சீவி எடுத்தபின் மிஞ்சுவது மாவுச்சத்துதான். செங்குன்றம் ஆலைக்காரர்களிடம் பேசிப் பாருங்கள். குறைவாகத் தீட்டினால் கடைக்காரர் வாங்குவதில்லை, கடைக்காரரைக் கேட்டால் வீட்டம்மா வாங்குவதில்லை என்பார்கள். வெள்ளையாக இருந்தால்தான் விலை.

விளைவு என்ன? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இண்டியாப் ஆய்வு 2023ல் வெளியானது. நாடு முழுக்கப் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், 35.5 சதவீதம் பேருக்கு ரத்தக் கொதிப்பு. தமிழ்நாட்டில் சர்க்கரை 14.4 சதவீதம். ஏழு பேர் உட்கார்ந்திருக்கிற பந்தியில் ஒருவர்.

இந்தச் சோற்று மலை நம் தாத்தா காலத்தில் இல்லை. செங்கல்பட்டு, வடஆற்காடு ஜில்லாக்களின் மேட்டு நிலக் குடும்பங்களில் கேழ்வரகுக் கூழும் களியும்தான் அன்றாடம். நெல்லுச் சோறு பண்டிகைக்கு. 1961ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது, 1964ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. அந்தக் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் மாதச் சம்பளத்துக்கு வந்தார்கள். தினமும் வெள்ளைச் சோறு என்பது அவர்களுக்குப் பசி தீர்ந்த அடையாளம், மரியாதையும்கூட. அதைக் கேலி பேச எனக்கு மனமில்லை. ஆனால் தானியம் மட்டுமே உணவாகிவிடாது என்ற எச்சரிக்கை நம் மாகாணத்தில் மிகப் பழையது.

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் 1877 ஜனவரியில் சென்னை மாகாணத்துக்கு வந்தார். நிவாரண வேலை செய்கிற ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கூலியைக் குறைத்தார். சென்னையின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து நின்றார். மாகாணத்து மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று 1863லேயே ஒரு அறிக்கை தொகுத்தவர் அவர். தானியத்தின் அளவு போதாது, அதோடு பருப்பும் காயும் வேண்டும் என்று அவர் வாதாடினார். கூலி வெட்டப்பட்ட முகாம்களில் உடல்கள் எப்படி ஒடுங்கின என்பதை ஆதாரமாக வைத்து அவர் எழுதிய கடிதங்கள் அச்சில் இருக்கின்றன. பிறகு குன்னூர். 1918ல் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராய அங்கே ஒரே அறையில் ஆரம்பித்தது, தீட்டிய அரிசியால் வருகிற நோய் பற்றிய ஆராய்ச்சி. அந்த அறைதான் வளர்ந்து 1958ல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்து இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. அதை நெடுங்காலம் நடத்திய சி. கோபாலன் சேலத்துக்காரர். ஆக அரிசியைக் குறை, பருப்பையும் கீரையையும் கூட்டு என்பது நேற்று வாட்ஸ்அப்பில் வந்த சேதி கிடையாது. நம் மாகாணமே பட்டினியில் படித்துக்கொண்ட பாடம்.

படித்துக்கொண்டும் ஏன் நடக்கவில்லை? ரேஷன் கடைக்கு வருவோம். முன்னுரிமை அட்டையில் நால்வர் இருக்கும் குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ அரிசி, விலையில்லாமல். துவரம் பருப்பு ஒரு கிலோ, 30 ரூபாய்க்கு. 30 நாளுக்கும் நாலு பேருக்கும் வகுத்தால் ஆளுக்கு அரிசி 167 கிராம், பருப்பு 8 கிராம். அந்த எட்டு கிராம்தான் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருப்பதற்குக் காரணம். காய்? ஆளுக்கு 400 கிராம் என்றால் நால்வருக்கு மாதம் 48 கிலோ, எல்லாம் வெளிச்சந்தையில். 2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேட்டை மூடி, மொத்தக் காய்கறிச் சந்தையைத் திருமழிசைக்குக் கொண்டுவந்தார்களே, அப்போது பூந்தமல்லிக்காரர்கள் பார்த்திருப்பார்கள், ஆந்திரம், கர்நாடகம் என்று எத்தனை தூரத்திலிருந்து லாரிகள் வருகின்றன என்று. அந்த டீசல் செலவு கத்தரிக்காயின் தலையில்தான் விழும். இலவச அரிசி தப்பு என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது பட்டினியைத் துரத்தியது, இன்னும் துரத்துகிறது. அரிசியோடு நிறுத்திவிட்டதுதான் என் வருத்தம்.

நிறுத்தாத இடமும் ஒன்று உண்டு, அதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. காமராஜர் 1956ல் மாநிலமெங்கும் விரித்த மதிய உணவை எம்.ஜி.ஆர். 1982ல் சத்துணவாகப் பெரிதாக்கினார். 1989ல் கலைஞர் அரசு இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்த்தது. அது வாரம் ஒன்றாகி, கூடிக்கூடி, 2010ல் பள்ளி நாள்தோறும் முட்டை என்று நின்றது. பிறகு ஜெயலலிதா ஆட்சியில் கலவை சாதமும் மசாலா முட்டையும். 2022ல் ஸ்டாலின் தொடங்கிய காலை உணவில் காய்கறி போட்ட சாம்பார். கட்சி பார்த்துக் கை தட்டுகிறவர்கள் தட்டிக்கொள்ளுங்கள். நான் பார்ப்பது, பொதுக் கரண்டியில் என்ன இருக்கிறது என்பதைச் சிறுகச் சிறுக மாற்ற முடிந்திருக்கிறது என்பதை. எந்தக் குழந்தைக்கும் புரதத்தைப் பற்றி வகுப்பெடுக்கவில்லை. முட்டையைத் தட்டில் வைத்தார்கள், அது சாப்பிட்டது.

நமக்கும் அப்படி ஒரு பொதுக் கரண்டி இருக்கிறது. 1948ன் தொழிற்சாலைச் சட்டம் 46ஆம் பிரிவு, 250 பேருக்கு மேல் வேலை செய்கிற ஆலைகளில் கேண்டீன் வைக்கச் சொல்ல மாநில அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. என்ன பரிமாறுவது, என்ன விலை என்பதற்கு விதி உண்டு. தொழிலாளர் பிரதிநிதிகள் உட்காரும் கமிட்டியும் உண்டு. லாபம் வைத்து விற்கக் கூடாது. இத்தனை அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் கமிட்டியில் என்ன பேசினோம்? சாம்பாரில் பல்லி, தோசை கல்லுப் போல, பிரியாணியில் பீஸ் சின்னது. சுகர் மாத்திரைக்கு இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் வரிசை நீண்டுகொண்டே போனது, அதற்கும் எங்கள் மினிட் புத்தகத்துக்கும் சம்பந்தமே இல்லாமல்.

பிறகு ஒரு கட்டத்தில் மெனுவில் கை வைத்தோம். சோற்றைக் குறைக்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநாள் கேட் மீட்டிங்தான். அதனால் சோற்றைத் தொடவே இல்லை. கவுண்டரின் வரிசையை மாற்றினோம். முன்பெல்லாம் தட்டை நீட்டியதும் முதலில் சோறு விழும், பெரிய குழி நிரம்பி வழியும், அதன் ஓரத்தில் பொரியல் ஒட்டிக்கொள்ளும். அதைத் திருப்பி முதலில் பொரியல், அடுத்து சுண்டலோ கூட்டோ, முட்டை, கடைசியில் சோறு என்று வைத்தோம். பொரியலுக்கு இரண்டாம் கரண்டி டோக்கன் இல்லாமல். ஏற்கெனவே பாதி நிரம்பிய தட்டில் ஆளே கையைக் காட்டி "போதும்ணே" என்பார். அந்தப் "போதும்" அதுவரை ஒரு நாளும் கேட்காத சொல் எங்கள் கேண்டீனில்.

பெரிய முட்டுக்கட்டை காசு என்றுதான் நினைத்திருந்தோம். வந்து நின்றது கத்தி. அரிசியைக் கழுவி ஸ்டீம் பாத்திரத்தில் கொட்டினால் ஒரு ஆள் போதும், ஆயிரம் பேருக்கு வெந்துவிடும். ஆயிரம் பேருக்கு அவரைக்காய் நார் எடுத்துப் பாருங்கள், கோவைக்காய் நறுக்கிப் பாருங்கள், முருங்கைக்கீரை உருவிப் பாருங்கள். மாஸ்டர் கரண்டியை வைத்துவிட்டு, "எனக்கு நாலு அக்கா குடுங்க, நான் தினம் கீரை போடறேன்" என்றார். ஒப்பந்தக்காரர் கேண்டீன்களில் முட்டைக்கோஸும் உருளையும் பூசணியும் மாறிமாறி வருவதன் ரகசியம் அதுதான், சீக்கிரம் நறுக்கிவிடலாம். உணவு வழிகாட்டிகள் கிராம் கணக்குச் சொல்கின்றன. நறுக்குகிற கைகளின் கூலியை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. வீட்டிலும் அதே கதை. எக்ஸ்போர்ட் கார்மெண்ட் கம்பெனிக்கு ஏழு மணி வேனைப் பிடிக்கிற பெண், விடியற்காலையில் எலுமிச்சை சாதம் கிளறி மூன்று டப்பாவில் அடைக்காமல் வேறென்ன செய்வாள்? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. அவளுக்கு அறிவுரை சொல்ல ஆயிரம் பேர். அவரைக்காய் நார் எடுத்துக் கொடுக்க வீட்டு ஆண்பிள்ளைகளில் ஒருவர் வந்தால் போதும் எனக்கு.

நைட் ஷிஃப்ட் டீயைச் சொல்லிவிடுகிறேன். டீ டிரம்மிலேயே சர்க்கரை கலந்து வரும். வேண்டாம் என்பவருக்கு வழியே கிடையாது. கூட ஒரு போண்டா. சர்க்கரையைத் தனி டப்பாவில் வைக்கச் சொன்னோம். முதல் வாரம் நாலு ஸ்பூன் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. போண்டாவுக்குப் பதில் கொண்டைக்கடலைச் சுண்டல், வாரம் சில நாள். அதற்கு வந்த திட்டை இந்த மேடையில் சொல்ல முடியாது. உப்பில் மட்டும் தோற்றுப்போனோம். நாளுக்கு 5 கிராம்தான் உச்சம் என்கிறார்கள், எங்கள் ஆட்களோ ஊறுகாய் டப்பாவை மேஜையிலிருந்து எடுக்க விடவில்லை.

இதற்கெல்லாம் பலன் உண்டா என்று கேட்பீர்கள். வேலை பார்க்கும் இடங்களில் ஆட்களைத் தேடித்தான் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு சென்னையிலிருந்து இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வை நடத்தியது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேர். வெறும் வழக்கமான அறிவுரை பெற்றவர்களில் மூன்று வருஷத்தில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. உணவையும் நடையையும் திருத்தி, தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் 39.3 சதவீதம். 2006ல் வெளியான இந்த முடிவில் எனக்குப் பிடித்த விஷயம், அவர்கள் எடை பெரிதாகக் குறையவே இல்லை என்பது. இளைத்தால்தான் உண்டு என்று மனம் விட்டுப்போகிறவர்கள் கவனிக்கவும். 2013ல் வெளியான இன்னொரு ஆய்வில் அதே குழு, வேலைக்குப் போகும் ஆண்கள் 537 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு செல்பேசியில் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தது. இரண்டு வருஷத்தில் செய்தி பெற்றவர்களில் 18 சதவீதத்துக்கும் பெறாதவர்களில் 27 சதவீதத்துக்கும் நோய் வந்தது. யாரோ விடாமல் நினைவூட்டுவதற்கே அத்தனை மதிப்பு என்றால், கேண்டீன் தட்டு வேலை நாள்தோறும் நினைவூட்டுகிற ஒன்று.

சிறுதானியம் பற்றி ஒரு வார்த்தை, கேள்வி நேரத்தில் எப்படியும் வரும். 2023 சர்வதேசச் சிறுதானிய ஆண்டு என்று சொன்னதிலிருந்து வரகு பொங்கலும் தினை லட்டும் கல்யாணப் பந்திவரை வந்துவிட்டன. நல்லதுதான், ருசியாகவும் இருக்கிறது. ஆனால் இண்டியாப் குழு 2025ல் வெளியிட்ட உணவு ஆய்வு ஒன்று, அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ அதே அளவு சாப்பிட்டால் சர்க்கரை நோய் அபாயம் குறைவதாகக் காட்டவில்லை. இந்தியர் சாப்பாட்டில் 62 சதவீதக் கலோரி மாவுச்சத்திலிருந்து வருகிறது. அதைக் குறைத்துப் பருப்பு, பால் போன்ற புரதத்தை ஏற்றினால்தான் பலன் என்கிறது. இரவில் மூன்று சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு டயட்டில் இருப்பதாகச் சொல்கிற நண்பர்கள் இந்த அரங்கில் எத்தனை பேர் என்று கேட்கப்போவதில்லை.

கடைசியாக நடைமுறை. எஸ்டேட் முன்பு போல இல்லை. நிரந்தரத் தொழிலாளி குறைந்து, பீகார், ஒடிசா, ஜார்கண்டிலிருந்து வந்த ஒப்பந்தப் பிள்ளைகள் நிறைந்திருக்கிறார்கள். எட்டுப் பேர் ஓர் அறையில், ஒரே ஸ்டவ்வில் சோறும் உருளைக்கிழங்கும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்து 100 பேர் இருந்தாலே கேண்டீன் என்கிறது. மற்ற விஷயங்களில் அந்தத் தொகுப்போடு எனக்குச் சண்டை நிறைய உண்டு, அது வேறு மேடை. இந்த ஒரு விதியை மட்டும் நம் பக்கத்துச் சிறு ஆலைகளில் பிடித்துக்கொள்ளலாம். புதிதாகக் கேண்டீன் வருகிற இடத்தில் கமிட்டிக்கு ஆள் கேட்பார்கள். யாரும் நிற்க மாட்டார்கள், தலைவலி பிடித்த வேலை என்று. நில்லுங்கள். முதல் கூட்டத்திலேயே பிரியாணிப் பீஸைப் பேசாதீர்கள். காய் நறுக்க எத்தனை ஆள் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டு, அந்த எண்ணிக்கையை மினிட் புத்தகத்தில் எழுத வையுங்கள். ஒப்பந்தக்காரர் டெண்டரில் அந்த வரி இல்லையென்றால் அடுத்த டெண்டரில் சேர்க்கச் சொல்லுங்கள். பொரியலுக்கு இரண்டாம் கரண்டி உண்டா என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள்.